தீர்த்தம் வாங்கப் போன வழியில்

இதை எழுதலாமா, கூடாதா என்று யோசித்தே இத்தனை நாளை ஓட்டிவிட்டேன். என் மைத்துனர் மனம் நோகுமே என்ற தயக்கம்தான். சென்ற மாதம் அவரே, "எழுதுங்க மாப்பிள்ளை, நாலு வீட்டுக்கு உபயோகப்படும்" என்று சொல்லிவிட்டார். நான் எட்டாவது வரை படித்தவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊரடங்கெல்லாம் முடிந்து ஊர் பழையபடி ஆன பிறகு வந்த மார்கழி மாதம் அது. மண்ணச்சநல்லூரிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு எங்கள் வேனில் போய்க்கொண்டிருந்தோம். பழைய ஸ்கூல் வேன். அரிசி மில் வேலையிலிருந்து நின்றபோது வாங்கி, சீட்டுகளைக் கழற்றிவிட்டு, ஒரு கட்டில், ஒரு கேஸ் அடுப்பு, ஜன்னலுக்குத் திரை என்று வீடு மாதிரி செய்துகொண்டோம். நானும் என் மனைவியும் அதிலேயே சமைத்து, அதிலேயே படுத்து எத்தனையோ கோயில்களுக்குப் போயிருக்கிறோம். பிறகு அவளுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. அன்றும் அந்தக் கட்டிலில்தான் கிடந்தாள். கண் திறந்திருக்கும், கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை என்று நாங்களாகவே முடிவு செய்துகொண்டோம்.

அன்று போனது சாதாரண தரிசனத்துக்கு அல்ல. இழுத்துக்கொண்டு கிடப்பவர்கள் வாயில் பெருமாள் தீர்த்தம் விட்டால் சிரமமில்லாமல் உயிர் பிரியும் என்று எங்கள் வீட்டில் நம்பிக்கை. அவள் படும் பாட்டைப் பார்க்க முடியாமல், அவள் அண்ணனான என் மைத்துனரும் நானும் கலந்து பேசித்தான் கிளம்பினோம். வழியெல்லாம் அதே பேச்சு. யாருக்கெல்லாம் சொல்லி அனுப்புவது, எந்தப் புடவை கட்டுவது என்பது வரைக்கும் பேசினோம். அவள் எங்கள் முதுகுக்குப் பின்னால் கை எட்டும் தூரத்தில் படுத்திருந்தாள்.

கொள்ளிடம் பாலத்தைத் தாண்டியதும் கியர் மாற்றினேன். கியர் கம்பி கையோடு லொடலொடவென்று ஆடியது. எந்தப் பக்கம் தள்ளியும் கியர் விழவில்லை. கொஞ்ச நாளாகவே லூசாகத்தான் இருந்தது, நானும் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டிக்கொண்டிருந்தேன். எப்படியோ ஓரமாக உருட்டி நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்தோம்.

எதிரே பைக்கில் வந்த ஒரு முஸ்லிம் பெரியவர் நின்று விசாரித்தார். பாலக்கரையில் ஒர்க் ஷாப் வைத்திருக்கிறாராம். கல்யாணத்துக்குப் போகிற வெள்ளைச் சட்டையோடு குனிந்து அடியில் பார்த்தார்.

"வேண்டாம் பாய், சட்டை வீணாப்போயிடும்" என்றேன்.

"பிரியாணிக்கு நேரமிருக்குங்க. சட்டை நம்மளுதுதானே, துவைச்சுக்கலாம்" என்று சாக்கை விரித்துப் படுத்து உள்ளே போய்விட்டார்.

அடியிலிருந்தே பேசினார். கியர் கம்பி கியர் பாக்ஸோடு சேருகிற இடத்தில் புஷ் என்கிற ரப்பர் வளையம் தேய்ந்துவிட்டது. அங்கே மாட்டியிருந்த சின்னப் பின் உடைந்து, கம்பி கழன்று தொங்குகிறது என்றார். பைக்கிலிருந்த பழைய டியூப் துண்டை நறுக்கிச் சுற்றி, கம்பியை மாட்டினார். "இது வெளிய நழுவாம இருக்க ஒரு சின்னப் பின்னு வேணுங்க. ஹேர்பின்னு, ஊக்கு, எதுனாலும் சரி."

வேனுக்குள் இருந்ததையெல்லாம் புரட்டித் தேடினோம். ஒன்றும் கிடைக்கவில்லை. மைத்துனருக்கு எரிச்சல் வந்துவிட்டது. "பொம்பளை நல்லா இருக்குற வண்டியா இருந்தா ஒரு ஊக்குக்கா பஞ்சம்?" என்றார்.

அப்போது கட்டில் சட்டத்தில் தட்டுகிற சத்தம் கேட்டது. அவளுடைய இடது கை. தாகம் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுபோனேன். வாயைத் திறக்கவில்லை. அந்தக் கை மெதுவாகக் கழுத்துக்குப் போய், தாலிக்கயிற்றை வெளியே இழுத்தது. கயிற்றில் ஊக்குகள் கோத்தபடியே இருந்தன. ஒன்றைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள்.

நான் தினமும் உடம்பு துடைத்துவிடுகிறவன். எனக்கு அது தோன்றவில்லை.

"மச்சான்" என்றேன். அவர் எட்டிப் பார்த்தார். ஊக்கு என்ற பேச்சு அவள் காதில் விழுந்து புரிந்தது என்றால், அதற்கு முன்னால் நாங்கள் பேசியதெல்லாமும் விழுந்திருக்கிறது. மைத்துனர் வேன் படியில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

"கிடைச்சுதாங்களா?" என்று பாய் கேட்டார். ஊக்கைக் கழற்றிக் கொடுத்தேன். மாட்டி வளைத்துவிட்டு வெளியே வந்தார். யார் கொடுத்தது என்று சொன்னதும் ஜன்னல் பக்கம் போனார்.

"அம்மா, உங்க ஊக்குலதான் வண்டி ஓடப்போகுது. இன்னிக்கே புஷ்ஷு மாத்தச் சொல்லுங்க ஐயாகிட்ட. போயிட்டு வரேம்மா."

அவளிடம் விடைபெற்றுக்கொண்டு ஒருவர் போய் எத்தனை நாளாயிற்று!

ஸ்ரீரங்கத்தில் மைத்துனர் இறங்கவில்லை. "நீங்க போங்க மாப்பிள்ளை, நான் தங்கச்சிகிட்ட இருக்கேன்" என்றார். ரங்கநாதர் முன்னால் நான் கேட்க வந்ததைக் கேட்க நா எழவில்லை. தீர்த்தம் மட்டும் வாங்கி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"பெருமாள் தீர்த்தம். வேணுமா?" என்று கேட்டேன்.

அவள் உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டாள்.

நானும் மைத்துனரும் ஆளுக்குப் பாதி குடித்தோம். பெருமாள் கோபித்துக்கொள்ளமாட்டார் என்று எனக்குப் பட்டது.

அதன்பின் சில வருடங்கள் இருந்தாள். புடவையோ, சாப்பாடோ, எதுவானாலும் அவளைக் கேட்டுத்தான் செய்தேன். வேண்டும் என்றால் கட்டிலைத் தட்டுவாள். கடைசி நாளன்று, பிறகொரு முறை வாங்கி வீட்டில் வைத்திருந்த தீர்த்தத்தைக் காட்டிக் கேட்டேன். தட்டினாள், தானே வாயைத் திறந்தாள்.

இதை யாருக்காவது சொல்வதானால் நடந்தபடியே சொல்லுங்கள். பெருமாள் அவளைப் பேச வைத்தார் என்று சேர்த்துவிடாதீர்கள். அவள் கடைசிவரை பேசவில்லை. நாங்கள் பேசியதையும் மறைக்க வேண்டாம். படுக்கையில் கிடக்கும் யாரைப் பார்க்கப் போனாலும், வீட்டாரிடம் பேசுவதற்கு முன்னால் அவரிடம்தான் இன்றும் முதலில் என் வாய் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்கிறது.