மீசை இல்லாத மாலுமியைத் தேடிக் குப்பத்துக்குப் போனேன்

எழுபதுகளின் நடுவில், ஒரு தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை, மீசை இல்லாத ஒருவனைத் தேடிப் பழவேற்காடு ஏரிக்கரைக்குப் போனேன். அவன் உயரம் முக்கால் அங்குலம். விளக்கேற்றித் தண்ணீரில் விட்டால் படபடவென்று ஓடுமே, அந்தத் திருவிழாக் கடைத் தகரப் படகில் அச்சடித்த மாலுமி. எல்லாப் படகிலும் அவனுக்கு மீசை உண்டு. முதலில் அச்சான கொஞ்சத்தில் மட்டும் மீசை விழாமல் போய், மழுமழுவென்று இருப்பான். மீசைக்காரர்கள் என்னிடம் நான்கு பேர் இருந்தார்கள். மற்றவனை ஆறு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தேன். பைத்தியம் என்பாள் என் மனைவி. அதில் தப்பில்லை.

அலுவலக நண்பர் ஒருவர் கும்மிடிப்பூண்டிக்காரர். சுண்ணாம்புக்குளத்துக்கு அப்பால் ஒரு குப்பத்தில், முனுசாமி என்ற மீனவர் வீட்டு மாடத்தில் அவனைக் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார். வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் தகரப் படகைப் பார்க்க வருகிறேன், கொடுத்தால் வாங்கிக்கொள்கிறேன் என்று உடனே முனுசாமிக்கு ஒரு கார்டு போட்டேன்.

சென்ட்ரலில் காலை 6.20 பாசஞ்சர், டிக்கெட் ஒன்றே முக்கால் ரூபாய். 48 கிலோமீட்டருக்கு இரண்டு மணி நேரம். பொன்னேரியில் வண்டி நின்ற நேரத்தில் இரண்டு காபி குடிக்கலாம், நான் குடித்தேன். கும்மிடிப்பூண்டியில் 9.15 பஸ், அறுபது காசு. சுண்ணாம்புக்குளத்தில் இறங்கியதும் மணலில் நடை. எதிரே வந்தவரிடம் வழி கேட்டதற்கு, “தோ கீது” என்றார். அந்த ‘தோ’ முக்கால் மணி நேரம்.

முனுசாமி வாசலிலேயே காத்திருந்தார். ஐம்பது வயதிருக்கும், முறுக்கிவிட்ட மீசை. அவர் மனைவி கன்னியம்மா பலகை போட்டு உட்காரவைத்தார். புதுத் துண்டு விரித்து அதன்மேல் படகை வைத்திருந்தார்கள். குனிந்து பார்த்தேன். மாலுமிக்கு மீசை இருந்தது. காதுவரை இருந்தது.

“மீச இல்லாம மூளியா கெடந்தான் சார். நீங்கோ மெட்ராஸ்லேந்து பாக்க வர்றீங்கோ, அப்டியே எப்டி காட்றது? தோணிக்கு அடிக்கிற பெயிண்ட்ல, தொடப்பக் குச்சியால நேத்துதான் போட்டேன். நல்லா கீதா?” என்றார் முனுசாமி.

ஆறு வருஷத் தேடலை ஒரு துடைப்பக் குச்சி முடித்துவிட்டது. எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது. அவரோ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நன்றாக இருக்கிறது என்றேன்.

விலை பேசப் போனால், “டப்பு வாணாம் சார். ஆசப்பட்டு வந்துகீறீங்கோ, எத்துக்கினு போங்கோ” என்றார். கன்னியம்மா இறால் குழம்போடு சோறு போட்டார். மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன். துக்கத்தில் எனக்குப் பசி அதிகம்.

வீட்டுக்கு வந்ததும் மண்ணெண்ணெயும் துணியுமாக உட்கார்ந்தேன். புதுப் பெயிண்டை மட்டும் பதமாகத் துடைத்தெடுப்பது எனக்குப் பழகிய வேலை. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது, அது முனுசாமியின் மீசையேதான். இடது நுனி சற்றுத் தூக்கியிருப்பதுகூட அப்படியே இருந்தது. துணியைக் கீழே வைத்துவிட்டேன்.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: இப்போது கும்மிடிப்பூண்டிவரை மின்சார ரயில் இருக்கிறது, நேரம் விசாரித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் கொண்டுபோங்கள். அரிய பொருளைப் பார்க்கப் போவதாக இருந்தால் முன்கூட்டிச் சொல்லாமல் போய் நில்லுங்கள்.

பிறகு ஒருநாள், என்னைவிட முற்றிய சேகரிப்பாளர் ஒருவர் வந்து படகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த மீசையை மட்டும் அழித்துவிட்டுப் படகைக் கொடுங்கள், கேட்ட விலை தருகிறேன் என்றார்.

முனுசாமி வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன், என்னால் முடியாது என்று சொல்லிவிட்டேன்.