ஐந்து வெற்றிக்கு ஓர் அழைப்பு

சென்ற நவம்பரின் கடைசிச் சனிக்கிழமை, அமெரிக்காவில் என் மகள் படிக்கும் பல்கலைக்கழகத்தின் கால்பந்து அணி தன் பன்னிரண்டாவது ஆட்டத்தில் தோற்றது. அது கையால் எறிந்து, பந்தை அணைத்துக்கொண்டு ஓடும் அமெரிக்கக் கால்பந்து. ஆண்டுக் கணக்கு ஐந்து வெற்றி, ஏழு தோல்வி. மகள் ஆடுகிறவள் அல்ல. ஜெர்மனியில் நாங்கள் இருக்கும் ஹம் நகரத்து இசைப்பள்ளியில் சின்ன வயதில் கையில் எடுத்த ட்ரம்பெட்டை அங்கே அணியின் வாத்தியக் குழுவில் ஊதிக்கொண்டிருந்தாள். அது அவளுடைய கடைசி ஆண்டு.

நான் இணையத்தில் பட்டியலைப் பார்த்தேன். ஜெர்மன் லீக் பட்டியல்களைப் பார்த்துப் பழகிய கண் என்னுடையது. இங்கே கடைசி விசிலோடு பட்டியல் தீர்ப்புச் சொல்லிவிடும். அதற்குப் பிறகு யாரும் கூடிப் பேசுவதில்லை. அங்கே பருவம் முடிந்தபின், நத்தாரை, அதாவது கிறிஸ்துமஸை, ஒட்டி நடக்கும் ‘பவுல்’ ஆட்டங்களுக்குப் போக ஆறு வெற்றி வேண்டும், அணி போனால் வாத்தியக் குழுவும் போகவேண்டும் என்பது மட்டும் எனக்குத் தெரியும். ஆகவே மனைவியிடம், “முடிஞ்சுது. பிள்ளை நத்தாருக்கு வருவா” என்று சொல்லிவிட்டேன். முந்திய இரண்டு நத்தாருக்கும் பரீட்சை, வேலை என்று மகள் வரவில்லை. மனைவி அன்றைக்கே தெரிந்தவர்களுக்கெல்லாம் அழைத்துச் சொல்லி, மறுநாள் காலை ஊன்ட்றொப் அம்மன் கோயிலில் ஓர் அர்ச்சனையும் செய்வித்தாள்.

ஞாயிறு மகள் அழைத்தாள்.

“அப்பா, அம்மாட்டை இப்ப ஒண்டும் சொல்லாதேங்கோ. எங்களுக்கு இன்னும் சான்ஸ் இருக்கு.”

“அஞ்சுதானே பிள்ளை?”

“சிலவேளை அஞ்சும் போதும். நீங்கள் தேடிப் பாருங்கோவன், உங்களுக்குத்தானே உந்தக் கணக்கெல்லாம் பிடிக்கும்.”

அவள் படிக்கப் போன நாளிலிருந்து அந்த அணி ஒரு பவுல் ஆட்டத்துக்கும் போனதில்லை. இந்த முறையும் இல்லையென்றால் அவளுக்கு இனி இல்லை. அவள் குரலில் இருந்த ஆசை எனக்குப் புரிந்தது. சமையலறையில் மனைவி அதிரசம் போன்ற சீனி அரியதரத்துக்கு அரிசி ஊறப்போடுவதைப் பற்றித் தொலைபேசியில் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த வாரம் முழுவதும் வாசித்தேன். உச்சியில் இருக்கும் பன்னிரண்டு அணிகளை ஒரு குழு கூடிப் பேசித் தெரிந்தெடுக்கிறது. அவை சாம்பியன் பட்டத்துக்கு ஆடும். மற்ற பவுல் ஆட்டங்கள் பல ஊர்களில் தனித்தனியாக நடக்கின்றன. ஒவ்வொன்றும் இன்ன லீக்கிலிருந்து எடுப்போம் என்று முன்கூட்டியே ஒப்பந்தம் செய்திருக்கும். அந்த வட்டத்துக்குள் எந்த அணியின் ரசிகர்கள் அதிகம் பயணம் செய்து வருவார்கள், ஹோட்டல்கள் நிறையுமா, தொலைக்காட்சியில் பார்ப்பார்களா என்பதும் கணக்கு. ஆறு வெற்றி பெற்ற அணிகள் இடங்களை நிரப்பப் போதாவிட்டால் ஐந்து வெற்றிக்காரரைக் கூப்பிடுவார்கள். அவர்களுக்குள் யார் முதலில்? ஆட்டக்காரர்கள் படிப்பில் தேறுகிறார்களா, பாதியில் விட்டுப்போகாமல் இருக்கிறார்களா என்று பார்க்கும் ஒரு புள்ளி உண்டு, அதன்படி. மைதானத்தில் தோற்றவர்களுக்கு வகுப்பறை கைகொடுக்கிறது. இப்படியொரு விதியை நான் எந்த விளையாட்டிலும் கண்டதில்லை. மகளின் அணி அந்த வரிசையில் மேலே இருந்தது. அதைக் கண்ட அன்று மாலை, பிள்ளை வராமலும் போகலாம் என்ற உண்மையை மனைவியிடம் சொன்னேன். “அப்ப அரியதரம்?” என்று மட்டும் கேட்டாள்.

டிசம்பரின் முதல் ஞாயிறு அறிவிப்பு நாள். அங்கே நண்பகல், இங்கே மாலை ஆறு. கொலோனில் இருந்து கோயிலுக்கு வந்திருந்த அண்ணை ஒருவர் தேநீருக்கு எங்கள் வீட்டில் இருந்தார். கோடைதோறும் தமிழ்க் கழகங்களுக்குக் கால்பந்துக் கிண்ணப் போட்டி நடத்துகிறவர். நான் சொன்ன விதிகளைக் கேட்டுச் சிரித்தார்.

“உதென்ன கண்டறியாத விளையாட்டு? கூடியிருந்து கதைச்சு முடிவெடுக்கிறதெண்டால் பிறகென்னத்துக்கு விளையாடுறது?”

மனைவி தட்டை வைத்தபடியே கேட்டாள். “அண்ணை, உங்கட கிண்ணத்துக்கு ஆரைக் கூப்பிடுறனீங்கள்?”

“அது வேறை.”

“என்ன வேறை? முந்தின முறை வெண்டவையை விட்டிட்டு, எல்லா மேட்சும் தோத்த கழகத்தையெல்லோ கூப்பிட்டனீங்கள்.”

“தங்கச்சி, அவை தோத்தாலும் ரெண்டு பஸ் சனத்தோட வருவினம். மத்தியானத்துக்குள்ள எங்கட கடையில கொத்துரொட்டி முடிஞ்சிடும். வெண்டவை ஒரு வேனில வந்து, கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு, ஒரு ரோல்ஸும் வாங்காமப் போவினம்.”

“அப்ப அமெரிக்காக்காரன் உங்களிட்டைத்தான் படிச்சிருக்கிறான்” என்றேன். அண்ணை இன்னொரு தேநீர் கேட்டார்.

ஏழு மணிக்குப் பிறகு மகள் அழைத்தாள். “கூப்பிட்டிட்டினம்! அப்பா, எங்களைக் கூப்பிட்டிட்டினம்!” பின்னால் யாரோ ட்ரம்பெட் ஊதுவது கேட்டது. ஆட்டம் நத்தாருக்கு அடுத்த நாட்களில். மனைவி தொலைபேசியை வாங்கினாள். “கூப்பிட்டால் போகத்தானே வேணும்” என்றாள். அங்கே குளிருமா என்று மகளிடம் விசாரித்தாள்.

மறுநாள் மாலை மறுபடி அழைப்பு. அணி போகவில்லை. பயிற்சியாளர் விலக்கப்பட்டிருந்தார், ஆட்டக்காரர்கள் பலர் வேறு பல்கலைக்கழகங்களுக்கு மாறும் அவசரத்தில் இருந்தார்கள். நிர்வாகம் நன்றி சொல்லி மறுத்துவிட்டது.

“வாத்தியக் குழுவிட்டை ஒருத்தரும் கேக்கேல்லை, அம்மா. நான் நத்தாருக்கு வாறன்.”

மனைவிக்கு வந்த கோபத்தை நான் எதிர்பார்க்கவில்லை. “வீடு தேடி வந்த அழைப்பை வேண்டாமெண்டு சொல்லுறதோ? என்ன சனம் அவை!” அழைப்பு முடிந்த பிறகும் ஆறவில்லை. “நான் அம்மாளிட்டைப் பிள்ளை வரவேணும் எண்டு மட்டும்தான் கேட்டனான். இப்பிடி வரவேணும் எண்டு கேக்கேல்லை.”

மகள் வந்தாள். ட்ரம்பெட் பெட்டி மூன்று நாள் திறக்கப்படாமல் நடைவழியில் கிடந்தது. அரியதரத்தை மட்டும் தின்றாள். நத்தாருக்கு மறுநாள் அண்ணை குடும்பத்தோடு வந்தார். சாப்பாட்டுக்கு நடுவில், கோடையில் கிண்ணப் போட்டியைத் தொடக்கி வைக்க வாத்தியம் வேண்டும் என்றார்.

“பிள்ளை, நீ வந்து ஊதோணும்.”

மகள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “மாமா, நான் எத்தினை மேட்ச் வெண்டிருக்கோணும்?”

“ஒண்டும் வெல்லத் தேவையில்லை. கொம்மா ஹம்மில இருக்கிற சனம் முழுக்கக் கூட்டிக்கொண்டு வருவா. அது போதும்.”

அவள் சிரித்தாள். சாப்பிட்டு முடித்து, நடைவழிக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தாள். முதல் சுரம் பிசகியது. விடுமுறை நாளில் சத்தமா என்று கீழ்வீட்டு ஜெர்மன்காரி மணியடித்தபோது, மனைவி ஒரு தட்டு அரியதரத்தோடு கதவைத் திறக்கப் போனாள்.