உட்கார வைத்த அறை

கம்பெனிகளின் பெரிய தலைகளுக்கு என்ன சம்பளம், எதைச் சாதித்தால் போனஸ் என்று விதி எழுதுவதுதான் என் வேலை. ராயபுரத்துக்காரி நான். எண்ணூர்ப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றுக்கு விதி எழுதக் கிடைத்தபோது பெருமை தாங்கவில்லை. நான் எழுதிய வரி இது: அடிபட்ட தொழிலாளி இரண்டு நாளுக்கு மேல் வேலைக்கு வராமல் போனால் அது விபத்து, வருஷத்தில் ஒரு விபத்து நடந்தாலும் எம்.டி.யின் போனஸில் பாதி போய்விடும். உயிருக்கு மதிப்பு வாங்கிக் கொடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். மண்டைக்கனம், வேறென்ன!

மார்ச் தொடக்கத்தில் நேரில் பார்க்கப் போனேன். கேன்டீன் என்று நினைத்து ஒரு கதவைத் திறந்தேன். உள்ளே எட்டுப் பேர் பிளாஸ்டிக் நாற்காலிகளில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். பேச்சில்லை. ஒருவர் கையில் கட்டு, ஒருவர் கண்ணில் பஞ்சு. நான் நுழைந்தும் யாரும் திரும்பவில்லை. 

கதவோரம் இருந்தவருக்கு வலது கால் முழங்கால்வரை வீங்கியிருந்தது. கிட்டே போனதும் நாற்றம் அடித்தது.

"இங்க இன்னாண்ணா பண்றீங்க?" வாய் தானாக எங்கள் ஏரியாப் பேச்சுக்குப் போய்விட்டது.

"உக்காந்துகினு கீறேம்மா. கால்ல இரும்பு வுயுந்துடுச்சு. காலைல வேன்ல இட்டாந்து, அட்டெண்டன்ஸ் கார்டு போட்டு, இங்க குந்த வெச்சுருவாங்கோ. சாய்ங்காலம் வூட்ல வுட்ருவாங்கோ."

"ஆஸ்பத்திரிக்குப் போகலியா?"

"போனா அட்மிட் ஆவச் சொல்லுவாங்களே. ரெண்டு நாள் வர்லேன்னா இன்னாவோ ரூல் கீதாம். காண்ட்ராக்டர் எங்க அல்லாரையும் நிறுத்திடுவாரு."

அந்த ரூல் என்னுடையது என்று நான் சொல்லவில்லை. கணக்கு வருஷம் மார்ச்சில் முடியும்வரை விதியை மாற்றக் கூடாது என்பது என் தொழிலில் வேதவாக்கு. "ஏப்ரல்ல மாத்திடுவாங்கண்ணா, ஒரு மாசம் பொறுத்துக்கோங்க" என்றேன். அவர் தலையாட்டினார். பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டேன்.

அதன்பின் தினமும் ஆபீஸ் போனதும் கம்ப்யூட்டரில், போனஸ் கணக்குக்காகத் தொழிற்சாலை அனுப்பும் பட்டியலில், முதலில் பார்ப்பது அவருடைய வருகைப் பதிவைத்தான். வந்திருக்கிறார். அப்பாடா, மனுஷன் உயிரோடு இருக்கிறார்! மார்ச் கடைசி நாள்வரை ஒரு நாள்கூட விடுபடவில்லை. அந்த வருஷம் விபத்தே இல்லை என்று கையெழுத்துப் போட்டேன்.

ஏப்ரல் பிறந்ததும் விதியை மாற்றிவிட்டு, நானே அவரிடம் சொல்ல வேண்டும் என்று ஓடினேன். அறையில் அவர் இல்லை. கையில் கட்டுப் போட்டிருந்தவரிடம் விசாரித்தேன்.

"அவரா? மூலக்கொத்தளத்துல பொதச்சு பத்து நாளு ஆச்சும்மா."

"தினமும் வந்திருக்காரே! நான் பாத்தேனே!"

"அவரு எங்க வந்தாரு? அவரு கார்டைத்தான் மேஸ்திரி டெய்லி போட்டுகினு இருந்தாரு."

மேஸ்திரியைத் திட்ட வாயெடுத்தேன். அந்த மனுஷனைப் புதைத்த அன்று காலையும் நான் அந்தப் பதிவைப் பார்த்துவிட்டு நிம்மதியாகக் காபி குடித்திருக்கிறேன்.