சித்தியைப் பறவைகள் கொல்லவில்லை

தயவுசெய்து இதை யாரிடமும் காட்டாதீர்கள். படித்ததும் மடித்து எங்காவது ஒளித்துவிடுங்கள். போனில் படம் எடுக்க வேண்டாம், யாருக்கும் அனுப்ப வேண்டாம். நாகல் நகரில் எங்கள் தெருவுக்கு இது திரும்பி வந்துவிடக் கூடாது. சித்தியைப் பற்றி வெளியே வாயைத் திறந்தால் என் படிப்பு பதினொன்றாம் வகுப்போடு நின்றுவிடும் என்று அப்பா சொல்லிவிட்டார். அவர் சொன்னால் செய்வார். எங்கள் மொட்டை மாடிக்கு ஏறி வந்து, கலாமணி சித்தியின் கையிலிருந்து லவ் பேர்ட்ஸ் வாங்கிப்போன அக்காக்களுக்காக மட்டும் எழுதுகிறேன். சித்தி இறந்த பிறகு உங்களில் சிலர் பயந்துபோய்க் கூண்டையே யாருக்கோ கொடுத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். பறவைத் தூசி நெஞ்சில் ஏறித்தான் சித்தி செத்தார் என்று எங்கள் வீட்டில் சொன்னதை நம்பிவிட்டீர்கள். அது பொய்.

சித்தி இறந்த செய்தியை எனக்கு யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது சித்தப்பாவின் நண்பர் வந்து என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டார். "சித்திக்குக் கொஞ்சம் முடியலையாம்த்தா" என்றார். தெருமுனையில் திரும்பியதும் பார்த்தேன். எங்கள் வாசலில் ஒரு குட்டியானை வண்டியிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகளை இறக்கி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து சித்தி வந்து சேர்வதற்கு முன்பே நாற்காலிகள் வந்துவிட்டன. மாடியில் பறவைகள் எப்போதும்போலக் கத்திக்கொண்டிருந்தன. "அதுகள யாராச்சும் துணி போட்டு மூடுங்கப்பா. எழவு வீட்டுல கச்சேரி வைக்குதுக" என்றார் ஒருவர். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். யார் யார் என்பது எனக்கு நினைவிருக்கிறது.

சித்தி கீரனூர்க்காரர். என் அப்பாவின் தம்பியைக் கட்டிக்கொண்டு வந்தவர். 'ங்க' போடாமல் அவருக்குப் பேச வராது. கண் திறக்காத குஞ்சிடம்கூட, "வயிறு நெறஞ்சுதுங்களா?" என்றுதான் கேட்பார். அம்மா அதை அப்படியே நடித்துக் காட்டுவாள். "ஏன் கலா, உங்க ஊருல குருவிக்கும் மருவாதியா?"

"குருவிக்குக் குடுத்தாத் திருப்பிக் குடுக்குமுங்கக்கா" என்று சித்தி பதில் சொன்னார். அம்மாவுக்கு அது புரியச் செத்த நேரம் ஆனது. புரிந்த பிறகு அவள் சிரிக்கவில்லை.

ஒரு நாள் உங்களில் ஒரு அக்கா அழுதுகொண்டே மாடிக்கு வந்தீர்கள். சித்தியிடம் வாங்கிய ஜோடி இரண்டும் செத்துவிட்டன என்று சண்டை போட வந்தீர்கள். "தட்டு நெறையத் தினை வச்சிருக்கேன், இந்தா பாருங்க" என்று தீவனத் தட்டையே கையில் கொண்டுவந்திருந்தீர்கள். சித்தி அதை வாங்கி ஒரு முறை ஊதினார். எல்லாம் பறந்துபோனது. தட்டின் அடியில் ஒரு மணி இல்லை. லவ் பேர்ட்ஸ் தினையை உரித்துத் தின்றுவிட்டு உமியை அதே தட்டில்தான் போடும். உமியும் தினை நிறத்திலேயே இருக்கும். "மேல பாத்தா நெறஞ்ச மாதிரித்தானுங்க இருக்கும். தெனமும் ஊதிப் பாக்கோணும். ஊதாம விட்டா, ரொம்புன தட்டு முன்னாலயே உக்காந்து பட்டினியில சாகுமுங்க" என்றார். அதற்குமேல் உங்களை ஒரு வார்த்தை திட்டவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் சித்தியைப் பார்த்து, "உனக்கென்ன, நல்ல வீடு, நல்ல புருசன்" என்றுதான் சொல்லிவிட்டுப் போனார்கள். ஒருவரும் ஊதிப் பார்க்கவில்லை.

சித்திக்குக் குழந்தை இல்லை. அது உங்களுக்குத் தெரியும். பக்கத்து வீட்டு வளைகாப்புக்கு நானும் சித்தியும் போனபோது, சித்தி கையிலிருந்த வளையல் தட்டை ஒரு அம்மா வாசலிலேயே வாங்கிக்கொண்டார். "நீ போயி ஒன் குருவிக்குப் பிரசவம் பாரு புள்ள. இங்கன நாங்க பாத்துக்குறோம்" என்றார். பெரிய நகைச்சுவைபோல எல்லோரும் சிரித்தார்கள். சித்தியும் சிரித்தார். வீட்டுக்கு வந்து நேராக மாடிக்குப் போய், கூண்டில் கட்டியிருந்த மண் கலயங்களை ஒவ்வொன்றாக இறக்கிச் சுத்தம் செய்தார். வெயில் சுட்டது. செருப்புப் போடவில்லை. நான் கொண்டுபோய்க் கொடுத்தபோதுதான் கால் சுடுவது அவருக்குத் தெரிந்தது.

பச்சைப் பெட்டையின் கதை உங்களில் யாருக்கும் தெரியாது. அதன் ஜோடி மூக்கு நீலமாக இருந்த மஞ்சள் சேவல். பெட்டை கலயத்துக்குள் முட்டையிட்டு, சோறு தண்ணீர் மறந்து அடை காத்தது. சித்தி போன் டார்ச்சை அடியில் வைத்து முட்டைகளைப் பார்ப்பார். உயிர் பிடித்த முட்டைக்குள் சிவப்பு நரம்பு ஓடும். பச்சைப் பெட்டையின் முட்டைகள் எல்லாம் வெறும் வெளிச்சமாக இருந்தன. மறுமுறை இட்டதும் அப்படியே. சித்தப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாம் கூமுட்டை. அந்தப் பொட்டையத் தள்ளிவிட்டுட்டு வேற பொட்டை வாங்கிப் போடு" என்றார். எங்கள் ஊரில் பறவை வளர்க்கிற எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள். முட்டை கூமுட்டையானால் பெட்டையை மாற்றுவார்கள்.

சித்தி சேவலை மாற்றினார்.

அடுத்த முறை டார்ச் அடித்தபோது என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். உள்ளே நூல் நூலாகச் சிவப்பு ஓடியது. நடுவில் ஒரு புள்ளி துடித்தது. அதே பெட்டை. சித்தி வெகு நேரம் டார்ச்சை அணைக்கவில்லை.

அன்று சாப்பிடும்போது அப்பா, தம்பிக்கு இன்னொரு கல்யாணம் செய்வதைப் பற்றிப் பேச்செடுத்தார். சித்தி அருகில் நின்று குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தார். அவர் இல்லாததுபோலவே பேசினார்கள். சித்தி கரண்டியை வைத்துவிட்டு, "நான் எல்லா டெஸ்டும் எடுத்தாச்சுங்க. ஒரு கொறையும் இல்லைன்னுட்டாங்க. ஏனுங்க, நீங்களும் ஒருக்கா வந்து பாத்துக்கலாமுங்களே" என்று சித்தப்பாவைப் பார்த்துச் சொன்னார். சித்தப்பா தட்டிலேயே கை கழுவிவிட்டு எழுந்து போனார். அப்பா, "குருவி வளத்து வளத்து வாய் கூடிப்போச்சு" என்றார். அம்மா, "ஆம்பளைய டெஸ்ட்டுக்குக் கூப்புடுறா! ஊரு சிரிக்கும்டி" என்று பல்லைக் கடித்தாள்.

அதன் பிறகுதான் பொடி வந்தது. குழந்தை உண்டாக மருந்து தருவார் என்று யாரோ சொன்ன ஒருவரிடம் போய் அம்மாதான் வாங்கி வந்தாள். தினம் ஒரு பொட்டலம், காலையில் வெறும் வயிற்றில் பாலில் கரைத்துக் கொடுக்க வேண்டும். சித்தி குடித்து முடிக்கும்வரை அம்மா எதிரிலேயே நிற்பாள். சித்தி வாந்தி எடுத்தார். "கெட்டதெல்லாம் வெளிய வருது, நல்லதுதான்" என்றாள் அம்மா. சாப்பாடு இறங்கவில்லை. "மசக்கை மாதிரி இருக்குல்ல" என்று அம்மா சந்தோஷப்பட்டாள். பிறகு கண் மஞ்சளானது. மாடிப் படியில் பாதியிலேயே சித்தி உட்கார்ந்துவிடுவார். நான் போய்த் தட்டுகளை ஊதித் தினை போட்டுவிட்டு வருவேன்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாமுங்கக்கா, என்னால முடியல" என்று சித்தி கேட்டதை நான் கேட்டேன்.

"இன்னும் கொஞ்ச நாளுதாண்டி. பாதியில விட்டா இம்புட்டு நாள் குடிச்சதும் பலிக்காது."

கீரனூரில் இருக்கும் தன் அண்ணனுக்குப் போன் செய்யக் கேட்டார். சித்தியின் போனை அதற்குள் சித்தப்பா வாங்கி வைத்துக்கொண்டிருந்தார். "சும்மா இருக்கிறவரக் கலவரப்படுத்தாத" என்று அவர் தரவில்லை.

நினைவு தப்பிய பிறகுதான் மதுரைக்குக் கொண்டுபோனார்கள். நான் பார்க்கப் போனபோது டாக்டர் வெளியே வந்து, "கல்லீரல் இவ்வளவு கெட்டிருக்கு. நாட்டு மருந்து ஏதாவது குடுத்தீங்களா? சொன்னாத்தான் வைத்தியம் பண்ண முடியும்" என்றார். அப்பாவின் கை என் தோளில் இருந்தது. அது இறுகியது. "அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க சார். மாடியில குருவி வளக்குது. அந்தத் தூசியா இருக்கும்" என்றார். "தூசி நுரையீரலுக்குத்தான் போகும், கல்லீரலுக்கு எப்படிப் போகும்?" என்று டாக்டர் எரிச்சலோடு கேட்டார். அவர் நம்பாத பொய்யை ஊரே நம்பிவிட்டது.

அம்மா சாவில் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். அது நடிப்பு இல்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை. நடிப்பாக இருந்திருந்தால் வெறுப்பது சுலபமாக இருந்திருக்கும்.

பால் தெளித்த மறுநாள் சித்தப்பா மாடிக்குப் போய் எல்லாக் கூண்டுகளையும் திறந்துவிட்டார். "அடைச்சு வச்ச பாவம்தான் அவளக் கொண்டுபோச்சு. தெறந்துவிட்டாப் புண்ணியம்" என்று தெருவில் பலர் மெச்சினார்கள். லவ் பேர்ட்ஸுக்கு வெளியே வாழத் தெரியாது என்று சித்தி உங்கள் ஒவ்வொருவரிடமும் சொல்லியிருக்கிறார். மின்கம்பியில் உட்காரக்கூடத் தெரியாமல் வழுக்கின. மாலைக்குள் காக்கைகள் முடித்துவிட்டன. பச்சைப் பெட்டை மட்டும் கதவு திறந்திருந்தும் முட்டைகளை விட்டு வெளியே வரவில்லை. அடுத்த தெரு அக்கா, நீங்கள்தான் அதைக் கலயத்தோடு துப்பட்டாவுக்குள் மறைத்துக் கொண்டுபோனீர்கள். இந்தத் தாளையும் உங்களிடம்தான் கொடுக்கப்போகிறேன். மற்றவர்களுக்கு வாயால் சொல்லுங்கள்.

நாளை பதினாறாம் நாள் காரியம். சித்தியின் அண்ணன் கீரனூரிலிருந்து மறுபடியும் வருகிறார். எழவன்று கூட்டத்தில் அவரால் என்னிடம் பேச முடியவில்லை. நான்தான் சித்தியோடு அதிகம் இருந்தவள் என்று அவருக்குத் தெரியும். என்னிடம் கேட்பார். இன்று அப்பா என்னை எதிரில் நிறுத்திவைத்துப் பழக்கினார்.

"மாமா கேட்டா என்னத்தா சொல்லுவ?"

"குருவித் தூசி நெஞ்சுல ஏறிடுச்சு."

"வேற ஏதாச்சும் குடிச்சுச்சான்னு கேட்டா?"

"ஒண்ணும் குடிக்கல."

"ம். அம்புட்டுத்தான். அழுதாலும் பரவால்ல, அதுக்கு மேல பேசாத."

நான் தலையாட்டினேன். ஆனால் சொல்லமாட்டேன். பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அந்தப் பொய்யை மாமாவிடம் சொல்லமாட்டேன்.

இறந்தவர்களின் நினைவாக எல்லோரும் ஏதாவது வைத்துக்கொள்வார்கள். சித்தியின் சேலைகளை அம்மா பங்கு வைத்தாள். எனக்கு ஒரு சுங்குடிச் சேலை தந்தாள். நான் அதை உடுத்தப்போவதில்லை. மிச்சமிருந்த பொடியையெல்லாம் அம்மா சாக்கடையில் கொட்டிவிட்டாள். ஆனால் நேற்று மாடியில் தினை டப்பாவைக் கவிழ்த்தபோது அடியிலிருந்து ஒரு பொட்டலம் விழுந்தது. பிரிக்காத பொட்டலம். எப்படியோ ஒரு நாள் சித்தி அம்மாவை ஏமாற்றிவிட்டுக் குடிக்காமல் இருந்திருக்கிறார். சித்தியிடமிருந்து எனக்குக் கிடைத்தது அந்த ஒரு நாள்தான். நாளை அதை மாமாவின் கையில் வைத்து, யார் வாங்கி வந்தது, யார் கரைத்துக் கொடுத்தது, டாக்டர் கேட்டபோது யார் இல்லை என்றது, எல்லாவற்றையும் பெயர் சொல்லியே

கதவைத் தட்டுகிறார்கள். அம்மாவின் வளையல் சத்தம்