ஒற்றை ஸ்பேட்

அன்று காலை பட்டர்வொர்த் ஃபெர்ரியடியில் என்னை மோட்டார் சைக்கிளில் இறக்கிவிட்ட அப்பா, "நல்லா ஏமாத்திட்டு வாம்மா" என்றார். சீட்டாட்டம் என்றால் அவருக்கு அவ்வளவுதான். பிரிட்ஜ் அப்படிப்பட்டதில்லை என்று பலமுறை விளக்கியிருக்கிறேன், கொஞ்சம் பெருமையாகவே.

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போனவள் நான் ஒருத்திதான். எந்த முடிவானாலும் எல்லோரும் என் முகத்தைப் பார்ப்பார்கள். பழைய காடி ஒன்றை வாங்கக் கார் கடைக்குப் போனபோது, பார்த்தவுடனேயே அது வேண்டாம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் தாடையில் விரலை வைத்துக்கொண்டு நின்றேன். பேசாதே என்று அம்மா தம்பிக்குச் சைகை காட்டினாள். அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது.

செபராங் ஜெயா அலுவலகத்தில் என்னோடு வேலை செய்யும் அக்கா யாழ்ப்பாண வழிக் குடும்பம். தாத்தா காலத்திலிருந்தே அவர்கள் வீட்டில் பிரிட்ஜ் உண்டு. எனக்கு ஆட்டம் அவரோடு ஆடித்தான் பழக்கம். மாநிலங்களுக்கு இடையிலான போட்டிக்கு அவருக்கு ஒரு ஜோடி வேண்டியிருந்தது. அன்றைய ஆட்டத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருந்தார். அந்த இடத்துக்கு நான் மிகவும் ஆசைப்பட்டேன்.

ஜார்ஜ் டவுனில், ஒரு கடைக்கு மேலே இருக்கும் மாடி அறையில்தான் ஆட்டம். எங்களுக்கு எதிராக வயதான சீனத் தம்பதி. அங்கிள் நாலு ஸ்பேட் என்று ஏலம் கேட்டு எடுத்தார். ஸ்பேடுதான் துருப்பு. பதின்மூன்று சுற்றில் அவர் பத்துப் பிடி பிடித்தாக வேண்டும். மூன்று பிடி எங்களிடம் வந்துவிட்டது, இன்னும் ஒன்று வந்தால் அவர் தோற்பார். எல்லாம் ஸ்பேட் ராணியில் நின்றது. அது என்னிடமா, அக்காவிடமா என்று அவருக்குத் தெரியாது. ஸ்பேட் ஜாக்கை என் முன்னால் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

என் கையில் இருந்தது ஒரே ஒரு ஸ்பேட், நாலு. யோசிக்க ஒன்றுமில்லை, உடனே போட்டிருக்க வேண்டும். யோசிக்க எதுவும் இல்லாதபோது யோசிப்பதுபோல் இருப்பது பிரிட்ஜில் பொய் சொல்வதற்குச் சமம். அக்கா முதல் நாளே சொன்ன விதி அது. ஆனால் மூன்று பேர் எனக்காகக் காத்திருந்தார்கள். என் விரல் தாடைக்குப் போய்விட்டது. நிதானமாக நாலைப் போட்டேன்.

அங்கிள் தலையசைத்தார். நான் யோசித்ததைப் பார்த்து ராணி என்னிடம்தான் என்று நம்பி, மேசையில் விரித்திருந்த மனைவியின் சீட்டிலிருந்து சின்னதாக ஒன்றைப் போட்டார். அக்காவின் ராணி அதன்மேல் விழுந்தது, நாலாவது பிடியும் எங்களுக்கு வந்தது.

அடுத்த ஸ்பேட் சுற்றில் நான் வேறு இனம் போட வேண்டியிருந்தது. அங்கிள் அந்தச் சீட்டையே பார்த்தார். பிறகு எதைப் பற்றி யோசித்தாய் என்று ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டுவிட்டு, நடுவரை அழைக்கக் கையை உயர்த்தினார். நடுவரும் அதையே கேட்டார். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஏமாற்றினேன் என்று சொல்லவும் முடியாது. எதையும் யோசிக்கவில்லை, அது என் பழக்கம் என்றேன். என் காதுக்கே அது அசட்டுத்தனமாகக் கேட்டது. அங்கிள் பத்துப் பிடியும் பிடித்ததாக நடுவர் தீர்ப்புச் சொன்னார். அந்த ஆண்ட்டி சீட்டுகளை அடுக்கி முடிக்கும்வரை என் பக்கம் திரும்பவே இல்லை.

திரும்பும் ஃபெர்ரியில் அக்காவும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம்.

"ஏமாத்தணும்னு செய்யலக்கா."

"தெரியும்லா. ஏமாத்தியிருந்தா நல்லா ஏசியிருப்பேன், அதோட முடிஞ்சிருக்கும். வெறும் நாலை வச்சிக்கிட்டு யாருக்கு நீ படம் காட்டுன?"

கரை நெருங்கும்போது, போட்டிக்குத் தன் கசினையே கேட்டுக்கொள்வதாகச் சொன்னார். குரலில் கோபமே இல்லை. நாளைக்கு அலுவலகத்தில் பார்க்கலாம் என்று வழக்கம்போல் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

அப்பா மோட்டார் பக்கத்தில் நின்றிருந்தார்.

"என்னம்மா, ஏமாந்தாங்களா?"

"ஏமாந்துட்டாங்கப்பா" என்றேன், உடனே.

"என் மகளா கொக்கா" என்று சிரித்துக்கொண்டே ஹெல்மெட்டை நீட்டினார். மாட்டிக்கொண்டு, முகக் கண்ணாடியை இறக்கிவிட்டு, அவருக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.