புளோயர் அடங்கிய ஞாயிற்றுக்கிழமை

எங்கள் வீட்டில் எல்லோரும் கத்தித்தான் பேசுவோம். கோபம் ஒன்றும் கிடையாது. சுவருக்கு அந்தப் பக்கம் இறால் குஞ்சுப் பண்ணை இருந்தது, அவ்வளவுதான். லைட்ஹவுஸ் குப்பத்தில் மற்ற வீடுகளுக்குக் கடல் இரைச்சல் என்றால் எங்களுக்குப் புளோயர் இரைச்சல். தொட்டியில் இருக்கும் குஞ்சுகளுக்குக் காற்று அனுப்பும் இயந்திரம் அது. அதற்குத் தெரிந்தது ஒரே வேகம். தொட்டிகள் பாதி காலியாகக் கிடந்தாலும் முழு மூச்சில் ஊதும். மிஞ்சிய காற்றை எங்கள் வீட்டுப் பக்கம் நீட்டிய குழாய் வழியாக வெளியே தள்ளும். அந்த ஊளைக்கு மேலே குரலை ஏற்றித்தான் அம்மா என்னைச் சாப்பிடக் கூப்பிடுவாள். பள்ளிக்கூடத்தில் நான் ரகசியம் சொன்னால் கடைசி பெஞ்சு வரை கேட்கும்.

நைனாவின் தங்கை, என் அத்தை, அந்தப் பண்ணையில்தான் வேலை பார்த்தாள். தொட்டி தொட்டியாகப் போய், தண்ணீரில் காற்று போதுமா என்று மீட்டர் விட்டுப் பார்ப்பாள். வேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் தட்டில் சோறு ஆறிப்போகும்.

அவளைப் பெண் பார்க்க, ஏரிக்கு நடுவில் தீவாக இருக்கும் பசியாவரத்திலிருந்து வருவதாக ஏற்பாடானது. நல்ல இடம், மாப்பிள்ளைக்குச் சொந்தப் படகு. கல்யாணத்துக்கு அப்புறம் பெண் வேலைக்குப் போகக் கூடாது என்று மட்டும் மாப்பிள்ளையின் அம்மா சொல்லி அனுப்பியிருந்தார். நைனா சரி என்றுவிட்டார். அத்தையை யாரும் கேட்கவில்லை.

அந்த வாரம்தான் புளோயருக்கு டிரைவ் என்று ஒரு பெட்டியை மாட்டினார்கள். இனிமேல் மோட்டார் வேகத்தைத் தேவைக்குத் தகுந்தபடி கூட்டலாம், குறைக்கலாம் என்றாள் அத்தை. "காத்தக்கூட அளந்து வுடுவானுங்களா?" என்று நைனா சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தவர்கள் பாயில் உட்கார்ந்தார்கள். நான் பஜ்ஜித் தட்டோடு நின்றேன். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த அம்மா, உள்ளே நின்ற அத்தையிடம் வழக்கமான குரலில், "ஆளு நல்லாத்தாமே கீறாரு. காதுதான் மொறம் மாதிரி..." என்று ஆரம்பித்தாள். பாதியிலேயே சுவருக்கு அப்பால் ஊளை இறங்கிக்கொண்டே போய் முனகலாகிவிட்டது. 'மொறம்' மட்டும் பாய்க்கு நடுவில் வந்து விழுந்தது.

"கரண்டு போச்சா?" என்று கத்திக்கொண்டே எழுந்த நைனா, தன் குரலுக்குத் தானே மிரண்டு உட்கார்ந்தார். மாப்பிள்ளையின் கை தானாகக் காதுக்குப் போயிற்று. வீட்டுக்குள் கடல் சத்தத்தை நான் கேட்டது அன்றுதான் முதல்முறை.

அந்த அமைதியில் அத்தை, குரலைக் கொஞ்சமும் தாழ்த்தாமல், "காது எப்டி இருந்தா இன்னா அண்ணி? வேலைய வுடச் சொன்னா நான் கட்டிக்க மாட்டேன்" என்றாள்.

அம்மா பாய்ந்து அவள் வாயைப் பொத்தினாள். மாப்பிள்ளையின் அம்மா டம்ளரைக் கீழே வைத்தார். எழுந்து போய்விடப் போகிறார்கள் என்று எனக்கு அழுகை முட்டியது. பஜ்ஜி மிஞ்சும் என்ற நினைப்பும் கூடவே வந்தது.

மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார். "இந்தக் காதுல நல்லாவே கேட்டுச்சு" என்று அடுப்படியைப் பார்த்துச் சொல்லிவிட்டு, தன் அம்மாவிடம் திரும்பி, "வேலைக்குப் போவட்டும்மா. நானே படகுல கொண்டாந்து வுட்டுட்டுப் போறேன்" என்றார்.

அந்த அம்மா மகனைப் பார்த்தார், அடுப்படியைப் பார்த்தார், கடைசியில் சிரித்துவிட்டார். "இன்னா தொண்டைடா இவளுக்கு! எதிர்க்காத்துல கூப்ட்டாக்கூட உன் படகுக்குக் கேக்கும்."

அடுத்த மாதமே கல்யாணம் நடந்தது. சத்தம் அடங்கியதைக் கவனிக்காமல் அத்தை உளறி மாட்டிக்கொண்டாள் என்றுதான் நான் நினைத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் போன பிறகு தனியாகப் போய் ஆறுதல்கூடச் சொன்னேன். அவள் என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு மீதி இருந்த பஜ்ஜியைச் சாப்பிட்டாள். பகலெல்லாம் அந்த இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே நின்றவளுக்கு, அது அடங்கியது மட்டும் எப்படிக் காதில் விழாமல் போகும் என்று யோசிக்க எனக்கு அப்போது வயது போதவில்லை.