வாக்குப்பெட்டி மேல் கற்பூரம்

நான் முதன்முதலில் தேர்தல் பணி பார்த்த தொகுதி இப்போது இல்லை. எல்லையை மாற்றியபோது அதைப் பிரித்து வேறு தொகுதிகளில் சேர்த்துவிட்டார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில், அதன் கடைசித் தேர்தலில், நெல்லிவாசல்நாட்டு மலையூர்ப் பள்ளி ஒன்றில் எனக்கு போலிங் ஆபீசர் டூட்டி. அதுவரை அந்த ஊர்க்காரர்கள் ஓட்டுப்போட மலையிறங்கி நடக்க வேண்டும். அப்போதுதான் அவர்களுக்கென்று ஒரு பூத் கிடைத்திருந்தது. ஓட்டு விழாவிட்டால் அடுத்த முறை பூத் கிடையாது என்று தாலுகா ஆபீசில் சொல்லியே அனுப்பினார்கள்.

முதல் ஓட்டு ஊர்த் தலைவரான கவுண்டரின் மனைவி குப்பம்மாளுடையது. சீட்டைப் பெட்டிக்குள் போட்டவர், மடியிலிருந்து கற்பூரம் எடுத்து மூடிமேல் வைத்துக் கொளுத்திவிட்டார். புது ஏரோ புது வண்டியோ, எது வந்தாலும் முதலில் சூடம் காட்டுவது அங்கே வழக்கம். சீட்டுப் போடும் வாய்க்குப் பக்கத்திலேயே எரிந்தது. பிரிசைடிங் ஆபீசர் பாய்ந்து வந்து ஈரத்துண்டால் அமுக்கினார்.

"ஏத்தின சூடத்த அமுக்கிட்டாரே! இனி இதுல போட்டா வெளங்குமா?" என்றார் குப்பம்மாள். வரிசை கலைந்து எல்லோரும் புளியமரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டார்கள்.

நான் வெளியே போனேன். "உள்ள உங்க சீட்டு இருக்குதும்மா. நெருப்பு வுழுந்தா இன்னா ஆவறது?"

"எரியட்டும்னா வெச்சேன் டீச்சரம்மா? நல்லாருக்கட்டும்னு வெச்சேன். அமுக்கின கையே திரும்ப ஏத்தட்டும்."

"இந்தப் பாறைமேல ஏத்துனா போதுமா?"

"எங்க ஏத்துனாலும் சூடம் சூடந்தான்" என்றார் கவுண்டர்.

ஆபீசர் தயங்கினார். "டூட்டியில பூசை பண்ணேன்னு எவனாவது எழுதிப்போட்டா?"

காலையிலிருந்து முறைத்துக்கொண்டிருந்த இரண்டு கட்சி ஏஜென்டுகளும் ஒரே குரலில், "எங்களுக்கு ஆட்சேபணை இல்லீங்க சார், சீக்கிரம் ஏத்துங்க" என்றார்கள்.

அவர் கிழித்த முதல் குச்சி அணைந்தது. "இன்னா சார், வூட்டுல அடுப்பே பத்தவெச்சதில்லியா?" என்று ஒரு பெண் கேட்க, ஊரே சிரித்தது. அடுத்த குச்சியில் பற்றியது. வரிசை திரும்ப நின்றது. சாமைக் கொல்லையிலிருந்து நேராக வந்தவர்கள்கூட ஓட்டுப் போட்டார்கள்.

தொகுதியின் பெயர் போய்விட்டது. ஆனால் அந்த ஊர் பூத்தை இன்றுவரை யாரும் எடுக்கவில்லை.

இந்தத் தேர்தலில் என் மகளுக்கு முதல் டூட்டி, மலைமேல்தான் போட்டிருக்கிறார்கள். பூத்தைத் திறக்குமுன் ஊர் வழக்கம் என்னவென்று கேட்டுக்கொள் என்றேன்.

"டூட்டிக்குக் குடுத்த கைடுல அப்படி எதுவும் போடலியேம்மா" என்றாள்.

போடவில்லைதான். அதனால்தான் எழுதிவைக்கிறேன்.